ஒரு புள்ளி கூடிப்போன தந்தி

நான் ஓய்வு பெற்ற நம் தொலைத்தொடர்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களை வரவேற்க ஒரு கூட்டம் நடத்துவதாகவும், அதில் நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் உங்களில் ஒருவர் போன வாரம் கைபேசியில் எனக்குச் செய்தி அனுப்பினார். ஆங்கில எழுத்தில் தமிழ். "ஐயா, நீங்கள் விழாவுக்குக் கண்டிப்பாக வர வேண்டாம்" என்று இருந்தது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிப்பதற்குள் அந்த வரி மறைந்துவிட்டது. செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு மட்டும் நின்றது. அடுத்த நொடி, "வேண்டும்! வேண்டும்! மன்னிக்கணும் ஐயா" என்று வந்தது. கூடவே கைகூப்பும் படம் ஐந்தாறு.

நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து மருமகள் ஓடிவந்தாள். அந்தத் தம்பி பயந்துபோயிருப்பார். அவருக்குச் சொல்கிறேன்: நீங்கள் செய்தது எங்கள் தொழிலின் பழைய தப்பு. அதே சொல்லில், அதே எழுத்தில் நானும் செய்திருக்கிறேன். நீங்கள் ஒரு நொடியில் திருத்திவிட்டீர்கள். எனக்கு வருடங்கள் ஆயின. கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லத் தைரியம் போதாது என்பதால் எழுதிக் கொடுக்கிறேன்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவது ஏதோ உங்கள் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் காலத்துத் தந்திக் கம்பிக்கும் ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். சனங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நடுவில் நாங்கள் இருந்தோம். பி, ஏ, எல் என்று மூன்று எழுத்து வந்தால் அது பாலா, பல்லா என்று பெறுகிறவர் குடும்ப நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் இரண்டு வார்த்தையை ஒட்டி ஒன்றாக்கித் தருவதில் எங்கள் ஊர்க்காரர்கள் மன்னர்கள். மேல்மலைக் கிராமமான பூண்டியிலிருந்து வந்த ஒரு வெள்ளைப்பூண்டு வியாபாரி ஒரு முழு வாக்கியத்தையே ஒட்டிக் கொண்டுவந்து, "இது ஒத்தை வார்த்தைதாங்க, எங்க ஊர்ல இப்படித்தான் சொல்லுவோம்" என்று சாதித்தார்.

ஐம்பதுகளின் கடைசியில், கோடைக்கானல் பஜாரை ஒட்டிய ஒரு சின்னத் தந்தி அலுவலகத்துக்கு நான் வேலைக்குப் போனேன். மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தின் சூடு போதும் என்று நினைத்தோ என்னவோ, ஸ்வெட்டர் வாங்கவில்லை. ஸ்வெட்டர் போட்டால் ஊருக்குப் புதியவன் என்று தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. ஊரில் சுமைகூலிக்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். போடாமல் திரிந்த ஒரே ஆளாக நான் இருந்ததால், நான் புதியவன் என்பது ஊருக்கே தெரிந்தது.

தை மாதக் காலையில் அந்த அலுவலகத்துத் தகரக் கூரையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சாவியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்வது போல இருக்கும். சாவி என்றால் தந்தி அடிக்கும் சாவி. சின்னத் தட்டல் ஒன்று புள்ளி, நீண்ட தட்டல் கோடு. அவ்வளவுதான் எங்கள் மொழி.

தட்டுகிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். முகத்தைப் பார்க்காமலேயே, மறுமுனையில் இருப்பது யார் என்று அந்தக் கையை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு மறுமுனை பழனி. அங்கே இருந்தவரை நான் பார்த்ததே இல்லை. அவர் கை வேகமானது, அலட்டல் இல்லாதது. வேலையில் ஊறிய பெரியவர், வெற்றிலை போடுகிறவர், தொந்தி உள்ளவர் என்று நானாகவே ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன். என் கை குளிரில் திக்கும். புள்ளிகள் கூடுதலாக விழும். முதல் வாரத்திலேயே அவர் எனக்குக் "குளிர்க்கை" என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் கம்பியைத் திறந்ததும் வணக்கத்துக்குப் பதிலாக, "போர்வை வேண்டுமா?" என்று வரும். பழனிவாசிக்கு என்ன, அடிவாரத்தில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேண்டாம்" என்று அடிப்பேன். "வேண்டும் என்றா சொன்னாய்?" என்று திரும்பி வரும்.

இந்தக் கேலி உங்களுக்கு நினைவிருக்கட்டும். பின்னால் இதற்குப் பயந்து நான் ஒரு கேள்வி கேட்காமல் விட்ட இடம் ஒன்று வருகிறது.

பஜாரில் கம்பளி விற்ற காதர் ராவுத்தர் ஒரு நாள் காலை வெள்ளனே வந்து கவுண்டரில் குனிந்தார். வழக்கமாகத் தெருமுனை வரை கேட்கும் குரல், அன்று கிசுகிசுப்பாக வந்தது.

"தம்பி, பழனிக்கு ஒரு தந்தி. மச்சானுக்கு. வர வேண்டாம்னு மட்டும் அடிங்க."

"காரணம் எழுத வேண்டாமா பாய்?"

"அதைத்தான் எழுதக் கூடாது." அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வீட்ல முழுகாம இருக்கா. இதுக்கு முந்தி மூணு தடவை தங்கல. கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பூசம் முடிஞ்சு பழனிக் கடையில கூட்டம் ஓஞ்சதும் மச்சான் வருசா வருசம் ஒரு படையோட வந்து எறங்கிருவான். அண்ணன் வந்துட்டா அவ படுத்துக் கெடக்க மாட்டா தம்பி. எந்திரிச்சு ஆக்கிப் போட ஆரம்பிச்சிருவா."

"அதை எழுதினா அவங்களே புரிஞ்சுக்குவாங்களே."

"உங்க தந்தியைப் பழனில யார் வாசிச்சுக் காட்டுவான்? மச்சான் தெருவுல போற நாலு பேரைக் கூட்டி வச்சுத்தான் வாசிக்கச் சொல்லுவான். நிக்கிற வரைக்கும் யார் காதுலயும் போடாதீங்கன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கா. உங்ககிட்ட சொன்னதே தப்பு."

எனவே, ராவுத்தரின் மனைவி சுபைதாம்மாள் கட்டிலில் படுத்திருப்பதா எழுந்திருப்பதா என்பது நான் அடிக்கப்போகும் ஒற்றைச் சொல்லில் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று பின்னால் நான் யாரிடமும் சொல்ல முடியாதபடி, முழுதாகத் தெரியும்.

வரவேண்டாம். ஒட்டி எழுதினால் ஒரே வார்த்தை. கடைசியில் டி, ஏ, எம். ‘ஏ’ என்றால் ஒரு புள்ளி, ஒரு கோடு. இப்போது வேண்டும் என்ற சொல்லைப் பாருங்கள். டி, யு, எம். ‘யு’ என்றால் இரண்டு புள்ளி, ஒரு கோடு. தமிழில் ஒருவரை வா என்பதற்கும் வராதே என்பதற்கும் நடுவில், எங்கள் கம்பியில், ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. ஆங்கிலேயன் செய்தி அனுப்பும்போது இந்தச் சங்கடம் அவனுக்கு வராது. நமக்கும் கோடைக்கானல் குளிருக்கும் மட்டுமே வாய்த்தது.

அடித்தேன். பழனி உடனே, பெற்றேன் என்றது. ராவுத்தர் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

எதிர்க்கடையில் தேநீர்க் கிளாஸைக் கையில் வாங்கினேன். சூடு ஏறியதும் விரல் உயிர் பெற்றது. அப்போதுதான் அந்த விரல் எனக்கு ஒன்றைச் சொன்னது. ‘ஏ’ அடித்தபோது முன்னால் ஒரு சின்னத் துடிப்பு கூடுதலாக விழுந்த மாதிரி இருந்தது.

விழுந்ததா, இல்லையா? உள்ளே போய்ச் சாவியைத் தொட்டு, "கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்" என்று கேட்க வேண்டும். அரை நிமிட வேலை. கேட்டால் என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும். குளிர்க்கை, போர்வை வேண்டுமா என்று வரும். அன்று ஏற்கனவே ஒரு தடவை வந்திருந்தது. இரண்டாம் தடவை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. வெறும் பிரமை, சரியாகத்தான் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு தேநீர் குடித்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, விரல் நடுங்கியதற்கு நான் வருந்தவில்லை. அந்த இரண்டாவது தேநீருக்கு இன்றும் வருந்துகிறேன்.

சில நாள் கழித்து, வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிவரும் மத்தியான பஸ் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே நின்றபோது, மேலே கூரையில் ஒரு கிடா கத்தியது. எட்டிப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு மனிதர் இறங்கினார். பிறகு ஒரு அம்மாள். பிறகு பிள்ளைகள், இன்னும் பிள்ளைகள், மூட்டைகள், பிரியாணி ஆக்கும் ஒரு தேக்சா, ஓலைக்கூடை. கடைசியாக நடுங்கிக்கொண்டே கிடா இறக்கப்பட்டது. அதுவும் என்னைப் போல ஸ்வெட்டர் இல்லாமல் வந்திருந்தது.

மனிதர் நேராக என் கவுண்டருக்கு வந்தார்.

"தந்தி அடிச்ச தம்பி நீங்கதானா? நல்லா இருக்கணும். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல எங்க மச்சான் ஒரு தடவை வாய் தொறந்து வான்னு சொன்னதில்லீங்க. நாங்களா வருவோம், நாங்களா போவோம். இந்த வருசம் தந்தி அடிச்சுல்ல கூப்பிட்டிருக்காரு!" என்று காகிதத்தை விரித்துக் காட்டினார். எவ்வளவு பேரிடம் காட்டியிருப்பாரோ, மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. "அதான் கெடாவோட வந்துட்டோம்."

காகிதத்தில் வரவேண்டும் என்று அழகாக இருந்தது.

என்னிடம் அப்போது இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் மோசம். உண்மையைச் சொன்னால், "வரவே வேண்டாம்னு சொன்னானா?" என்று கிடாவோடு அடுத்த பஸ் ஏறிவிடுவார். பிறகு அந்த இரண்டு குடும்பமும் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ளாது. சொல்லாமல் விட்டால் இன்னும் சற்று நேரத்தில் சுபைதாம்மாள் அடுப்படியில் நிற்பார். பட்டப்படிப்பில் இதற்கெல்லாம் பாடம் வைத்திருக்கவில்லை. "வந்த களைப்பு, ஒரு டீ குடிங்க" என்று எல்லாரையும் தேநீர்க்கடைக்குள் தள்ளிவிட்டு, குறுக்குப் படிகளில் ஏறி ராவுத்தர் கடைக்கு ஓடினேன். ஓடும்போதுதான் கவனித்தேன், கிடாவின் கயிறு என் கையில் இருந்தது. யார் எப்போது கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

என்னையும் கிடாவையும் பார்த்த ராவுத்தர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னங்க தம்பி இது?"

"மச்சான் வந்துட்டாங்க பாய்."

"வேண்டாம்னுதானே அடிக்கச் சொன்னேன்?"

"பழனில தப்பா எடுத்துட்டாங்க பாய்."

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே அவ்வளவு சுத்தமாக வந்தது. ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, குறையவில்லை.

"சரி, இப்ப போய் விசயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிரலாமா?" என்று நானே கேட்டேன்.

"எதைச் சொல்ல? வராதேன்னுதான்டா தந்தி அடிச்சேன்னா? மனுசன் கெடாவோட வந்திருக்கான்யா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டவர், கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். கிடாவை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் பின்னால் போனேன்.

தேநீர் அவர்களை அதிக நேரம் பிடித்து வைக்கவில்லை. நாங்கள் வாசலுக்குப் போவதற்கும் மச்சானின் படை சரிவில் ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது. "சுபைதா!" என்று மச்சான் தெருவிலிருந்தே குரல் கொடுத்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மச்சானின் மனைவி மைமூன் அம்மாள் எல்லாரையும் தாண்டி முதலில் உள்ளே போனார். நான் வாசலில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

உள்ளே மைமூன் அம்மாள் குரல் கேட்டது.

"எத்தனை மாசம்?"

பதில் எனக்குக் கேட்கவில்லை.

"அப்ப எதுக்குடி எந்திரிக்கிறே? படு, கழுதை. இன்னொரு தடவை கால் தரையில பட்டுச்சுன்னா கெடாவுக்கு முந்தி ஒன்னை அறுத்துப் போடுவேன்."

"மதினி, அண்ணனுக்கு ஒரு வாய்..."

"ஒங்கண்ணன் ஒரு வேளை பட்டினி கெடந்தா தொந்தி கொறையும். படு."

பிறகு அவர் வாசலுக்கு வந்தார். தன் படையை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாரும் நாளைக்கு மொத பஸ்ஸுல கெளம்புங்க. நான் இங்க இருக்கேன். பிள்ளையைக் கையில வாங்கிட்டுத்தான் வருவேன்."

மச்சானுக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. ஏறியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்குத்தான் தந்தி அடிச்சுக் கூப்பிட்டீங்களா மச்சான்? இதை ஒரு வார்த்தை அதுலயே எழுதக் கூடாதா?" என்று ராவுத்தரைக் கட்டிக்கொண்டார். ராவுத்தர் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கிடாவைப் பார்த்தேன்.

"கெடா?" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கெடாவும் இருக்கட்டும். பேர் வைக்கிறன்னைக்கு ஆகும்," என்றார் மைமூன் அம்மாள்.

பேர் வைத்தார்கள். பெண் குழந்தை. அந்தப் பிரியாணியை நானும் சாப்பிட்டேன். கிடாவோடு எனக்குப் பழக்கம் இருந்ததால் கொஞ்சம் தயக்கத்தோடு சாப்பிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல கதையாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். ராவுத்தர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இரகசியம் தீர்ந்து போனதால் அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது. "பழனி தந்திக்காரன் காது நல்லா இருக்கணும், அவன் தப்பா எடுத்ததாலதான் என் பிள்ளை பொழச்சுச்சு" என்று கம்பளி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வாழ்த்துத்தான். ஆனால் எங்கள் மேலதிகாரியும் ஒரு நாள் கம்பளி வாங்க வந்தார்.

அவர் இரண்டு ஊர்க் காகிதத்தையும் வரவழைத்தார். என் காகிதத்தில் வேண்டாம். பழனிக் காகிதத்தில் வேண்டும். "நீர் அனுப்பினது ‘ஏ’தானே?" என்று என்னிடம் கேட்டார்.

"‘ஏ’தான் சார்" என்றேன்.

பழனியிலிருந்து எழுத்தில் பதில் வந்தது: என் காது தவறிவிட்டது, மன்னிக்கவும். அவ்வளவே. அவருடைய பணிப் பதிவில் ஒரு கண்டிப்பு ஏறியது. அடுத்து வந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் எழுந்து ஒரு வரி எழுதியிருந்தால் அதைத் திருத்தியிருக்கலாம். எழுதவில்லை. இந்தக் கதையில் சிரிக்க நிறைய இருப்பதால், இந்தப் பத்தியை நீங்கள் தாண்டிப் போய்விடக் கூடாது.

பேரிக்காய்க் காலம் வந்ததும் ராவுத்தர் ஒரு கூடை பேரிக்காயோடு பழனிக்குப் போய், தன் பிள்ளையைக் காப்பாற்றிய காதுக்காரரை நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

"பெரியவர் என்ன சொன்னார் பாய்?" என்று கேட்டேன்.

"எந்தப் பெரியவர்? சின்னப் பையன்ங்க. மீசையே இப்பத்தான் கோடு கட்டுது. உங்களைவிட ரெண்டு மூணு வயசு எளசா இருப்பான். உங்க காது புண்ணியம்னு சொன்னேன், கடகடன்னு சிரிக்கிறான். காதுக்கு என்னங்க பாய், குளிர்தான் புண்ணியம் பண்ணுச்சுங்கிறான். பழனில ஏதுங்க குளிர்?"

நான் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கம்பியைத் திறந்தேன். போர்வை வேண்டுமா என்று வரவில்லை. ஒரே ஒரு புள்ளி வந்தது. டொக். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த ஒற்றைப் புள்ளிதான் அவருடைய வணக்கம். உன்னுடையது ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. நானும் வேலையைத் தொடங்குவேன். ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கும் சொல்லை மட்டும் அடிக்க விரல் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று வருடங்கள் போயின.

அறுபதுகளில் எங்கள் கம்பிக்குத் தட்டச்சு இயந்திரம் போல ஒன்று வந்தது. எழுத்தைத் தட்டினால் மறுமுனையில் எழுத்தாகவே விழும். புள்ளி கிடையாது, கோடு கிடையாது. வேகம் அதிகம், தப்புக் குறைவு. எனக்கும் பிடித்திருந்தது. ஒன்றுதான் உறுத்தியது. அதில் யார் தட்டினாலும் ஒரே எழுத்து. நான் தட்டுகிறேன் என்று பழனிக்காரருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கைபேசியிலும் அப்படித்தான், வருத்தத்தோடு அடித்தாலும் அவசரத்தில் அடித்தாலும் எழுத்து ஒன்றுபோலவே விழுகிறது. அதனால்தான் நீங்கள் கைகூப்பும் படத்தைச் சேர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பழைய சாவியைக் கழற்றப்போகிற அன்று, வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். சித்திரை மாதம். வெயில் இருந்தது, ஸ்வெட்டரும் இருந்தது. அடித்தேன்: அந்தப் புள்ளி என்னுடையது. உன் காது சரி. மன்னிக்கவேண்டும்.

கடைசிச் சொல் போய் முடிந்ததும் விரல் மறுபடி சொன்னது. இந்தத் தடவை குளிர் இல்லை, பயம். கூடுவதற்குப் பதிலாக ஒரு புள்ளி குறைந்துவிட்டது. மன்னிக்கவேண்டாம் என்று போயிருந்தது.

இந்தத் தடவை தேநீர் குடிக்கப் போகவில்லை. உடனே திருத்தக் கையை வைத்தேன். அதற்குள் பழனி பேசத் தொடங்கிவிட்டது.

"சரி. மன்னிக்கவில்லை. பேரிக்காய் அனுப்பு."

ஏன் பழியை ஏற்றாய் என்று கேட்டேன். அந்த வேகமான, அலட்டல் இல்லாத கை கொஞ்சம் நின்று நிதானமாக அடித்தது. "உனக்குக் கண்டிப்பு வந்தால் கை இன்னும் நடுங்கும். தினமும் உன்னிடம் வாங்குகிறவன் நான். எனக்குத்தான் கஷ்டம்."

கழற்ற வந்தவர்கள் திருப்புளியோடு பக்கத்தில் நின்றார்கள். "சார், முடிச்சிருவமா?" என்றார் ஒருவர். ஒரு நிமிடம் என்று கை காட்டிவிட்டு, விட்டுப்போனதை அனுப்பினேன். ஒரே ஒரு புள்ளி.

பழனி பதில் சொன்னது: "புள்ளி வந்து சேர்ந்தது."